பழைய கடதாசியில் ஒரு குடும்ப ஏடு



நோன்பு விடுமுறை வந்தால் தாய்மார் என்னிடம் கேட்பது பெரும்பாலும் ஒரே கேள்விதான். "மௌலவி, ஸஹர் செய்துபோட்டுப் படுத்தாங்க எண்டா, எழும்பினதிலிருந்து கையில போன்தான். என்ன செய்யலாம்?" குர்ஆன் ஓதச் சொல்லுங்கள், ஜமாஅத்துக்கு அனுப்புங்கள் என்பது முதற் பதில். ஆனால் பத்து வயதுப் பிள்ளை பகல் முழுவதும் ஓதிக்கொண்டே இருக்குமென எதிர்பார்க்க முடியாது. அதன் கைக்கும் ஒரு வேலை வேண்டும். அப்படியொரு வேலையைப் பற்றி இம்மாதம் பேசுவோம். அதற்குச் சாமான் வாங்கக் கடைக்குப் போகத் தேவையில்லை. வேண்டியதெல்லாம் உங்கள் அலுமாரியிலும் குசினியிலும் கட்டிலுக்கடியிலும் ஏற்கெனவே கிடக்கின்றன.

வீட்டிலுள்ள பழைய கடதாசிகளைக் கொண்டு உங்கள் குடும்பத்துக்கென்று ஓர் ஏடு செய்வதே அந்த வேலை. கடிதம், அழைப்பிதழ், பெரியோரின் கையெழுத்து, பிள்ளைகள் வெட்டி ஒட்டிய பூ, உம்மம்மா சொன்ன கதை என எல்லாவற்றையும் பக்கம் பக்கமாக ஒட்டிச் சேர்த்த ஏடு.

ஏன் இந்த ஏடு?

வகுப்பில் ஒருநாள் தரம் 8 பிள்ளைகளிடம் ஒரு தாளை எடுக்கச் சொன்னேன். "உங்கள் உம்மாவின் பெயர், அவருடைய உம்மாவின் பெயர், அவருக்கும் உம்மாவின் பெயர். மூன்றையும் எழுதுங்கள்" என்றேன். முதற் பெயரை எல்லோரும் எழுதினர். இரண்டாவதில் பலர் பேனையைக் கடித்தனர். "உம்மம்மா" என்றே எழுதி வைத்தவர்களும் உண்டு. மூன்றாவது பெயரை எழுதியவர்கள் நாலைந்து பேர்தான். அதே பிள்ளைகளிடம் வாப்பாவின் வழியைக் கேட்டால் மூன்று தலைமுறையைச் சொல்லிவிடுகின்றனர். காணி உறுதியிலும் பள்ளிவாசல் பதிவிலும் ஆண்களின் பெயர்கள் இருக்கின்றன. எம்மைச் சுமந்து, பெற்று, சோறூட்டிய பெண்களின் பெயர்கள் மூன்றே தலைமுறையில் மறைந்துபோகின்றன.

எமது முன்னோர் இப்படி விட்டுவிடவில்லை. ஹிஜ்ரி ஒன்பதாம் நூற்றாண்டில் வாழ்ந்தோரின் வரலாற்றைத் தொகுத்த இமாம் ஸகாவி (வபாத் 1497), 'அழ்ழவ்உல் லாமிஉ' என்ற தமது பெருநூலின் கடைசிப் பாகத்தைப் பெண்களுக்கென்றே ஒதுக்கினார். ஆயிரத்துக்கும் மேற்பட்ட பெண்களின் விபரம் அதில் இருக்கிறது. யாருடைய மகள், யாரிடம் கற்றார், யாரை மணந்தார் என்றெல்லாம் எழுதியிருக்கிறார். ஒரு பேரறிஞர் தம் காலத்துப் பெண்களுக்காகச் செய்ததை, ஒரு வீட்டார் தம் வீட்டுப் பெண்களுக்காகச் செய்ய முடியாதா?

எமது நாட்டு முஸ்லிம்களுக்கு இன்னொரு காரணமும் உண்டு. 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட எமது சகோதர சகோதரிகள் கையில் கொண்டுவந்தது மிகச் சொற்பம். திருமணப் படத்தையும் கடிதக் கட்டையும் எடுக்க யாருக்கு நேரமிருந்தது? 2004 டிசம்பர் 26இல் கடல் வந்தபோது சாய்ந்தமருதிலும் மருதமுனையிலும் கல்முனைக்குடியிலும் அம்பாந்தோட்டையிலும் உயிர்களோடு வீடுகளும் போயின. வீடு திரும்பக் கட்டப்பட்டது. வபாத்தான பிள்ளையின் ஒரேயொரு கொப்பியைத் திரும்ப வாங்க எந்த நிவாரணத்திலும் இடமில்லை. ஆகவே இருப்பதை இருக்கும்போதே சேர்த்து வைப்போம்.

ஒட்டுப்போட்ட ஏடு

இது மேல்நாட்டார் பழக்கம் என்று எண்ணிவிடவேண்டாம். அரபியில் 'ருக்அ' என்றால் துண்டு, ஒட்டு. கிழிந்த உடுப்புக்குப் போடும் ஒட்டுக்கும் அதுவே பெயர். அந்த வேரிலிருந்து வந்த சொல்தான் 'முரக்கஃ', அதாவது ஒட்டுப்போட்டது. பாரசீகத்திலும் துருக்கியிலும் முகலாய இந்தியாவிலும், அழகிய எழுத்துத் தாள்களையும் சித்திரங்களையும் சேர்த்து ஒட்டி, சுற்றிலும் கரைபோட்டுக் கட்டிய ஏடுகளை அப்படித்தான் அழைத்தனர். ஸபவி இளவரசர் பஹ்ராம் மிர்ஸாவுக்காகத் தோஸ்த் முஹம்மத் என்ற எழுத்துக் கலைஞர் 1544ஆம் ஆண்டளவில் தொகுத்த முரக்கஃ இன்றும் இஸ்தான்பூலில் தோப்காப்பி அரண்மனை நூலகத்தில் இருக்கிறது. எழுத்தாசான்மார் எழுதிப் பழகிய தாள்களைக்கூட எமது முன்னோர் எறியாமல் எடுத்து ஒட்டினார்கள்.

கடதாசியின் அருமையை நாமும் அண்மையில் கண்டோம். 2022 மார்ச்சில் கடதாசித் தட்டுப்பாட்டினால் மேல் மாகாணப் பாடசாலைகளில் தவணைப் பரீட்சை ஒத்திவைக்கப்பட்டது. அந்த நாட்களில் கொப்பியின் கடைசி ஒற்றையையும் எண்ணிப் பாவித்தோம். அந்தப் பழக்கத்தை விட்டுவிடவேண்டியதில்லை. வீண்விரயம் பற்றி ஸூறதுல் இஸ்ராவில் வந்திருக்கும் கடுமையான எச்சரிக்கை தட்டுப்பாட்டுக் காலத்துக்கு மட்டும் உரியதன்று.

முதலில் பிரித்தெடுங்கள்

பாயை விரித்து, வீட்டிலுள்ள பழைய கடதாசிகளை எல்லாம் கொட்டுங்கள். பிள்ளைகளையும் உட்கார வையுங்கள். நான்கு குவியலாகப் பிரியுங்கள்.

ஒன்று, வெட்டக்கூடாதவை. குர்ஆன் வசனம், அல்லாஹ்வின் திருநாமம், ஹதீஸ் அச்சிட்ட கலண்டர் தாள்களும் கல்யாணக் கார்ட்டுகளும் இதில் அடங்கும். பொன்னிற எழுத்து அழகாயிருக்கிறதென்று கத்தரிக்கோலை வைத்துவிடாதீர்கள். முழுத் தாளாக ஏட்டில் வைக்கலாம். வேண்டாதவற்றைக் குப்பையில் போடாமல், கால் படாத இடத்தில் புதைக்கலாம், அல்லது எரித்துச் சாம்பலைப் புதைக்கலாம். உஸ்மான் (ரழி) அவர்கள் ஏனைய ஏடுகளை எரிக்கச் செய்தது இதற்கு முன்மாதிரி. இதைப் பிள்ளையின் கையாலேயே செய்வியுங்கள். கண்ணியம் என்றால் என்னவென்று அது அங்கே கற்றுக்கொள்ளும்.

இரண்டு, ஒட்டக்கூடாதவை. காணி உறுதி, பிறப்புச் சான்றிதழ், விவாகப் பதிவு, பரீட்சைப் பெறுபேறு ஆகியவை ஏட்டுக்குரியவை அல்ல. அவற்றின் போட்டோப் பிரதியை ஒட்டுங்கள். மூலத்தைப் பசை தொடக்கூடாது.

மூன்று, ஏட்டில் சேர்க்கவேண்டிய ஞாபகப் பொருட்கள்.

நான்கு, அலங்காரத்துக்கும் பக்கத்துக்கும் உதவுபவை. வருட இறுதியில் மிஞ்சும் சீ.ஆர். கொப்பியின் வெற்றுத் தாள், புத்தகம் உறைபோட்ட பிரவுண் பேப்பர், பால்மாப் பெட்டி மட்டை, எழுத்தில்லாத கலண்டரின் பின்புறம், தேயிலைப் பைக்கற்றின் வெள்ளித் தாள், தையலில் மிஞ்சிய சீத்தைத் துண்டு, பழைய கடித உறைகள் எல்லாம் இதில் சேரும்.

பத்திரிகைத் தாளைப் பக்கமாகப் பாவிக்காதீர்கள். அது மலிவான மரக்கூழில் செய்வது. வெளிச்சமும் காற்றும் பட மஞ்சளாகி, தொட்டால் முறியும். பக்கத்திலுள்ள நல்ல தாளையும் கறையாக்கும். அதில் கடலைச் சரை சுற்றலாம், பசை பூசும்போது கீழே விரிக்கலாம்.

பசையும் தையலும்

இரண்டு மேசைக்கரண்டி கோதுமை மாவை முதலில் சிறிது பச்சைத் தண்ணீரில் கட்டியில்லாமல் கரையுங்கள். பின் மொத்தமாக அரைக் கோப்பை வரும்வரை தண்ணீர் சேர்த்து, இளஞ்சூட்டில் வைத்துக் கிண்டிக்கொண்டே இருங்கள். வெண்மை மாறிக் கூழ்போலப் பளபளத்ததும் இறக்கி ஆறவிடுங்கள். அதுதான் பசை. குளிர்சாதனப் பெட்டியில் இரண்டு மூன்று நாள் இருக்கும். மணம் மாறினால் எறிந்துவிடுங்கள். பசை கெடாதிருக்கச் சிலர் படிகாரம் சேர்ப்பர். அது நாளடைவில் கடதாசியை அரிக்கும். துரிசு சேர்ப்பாரும் உண்டு. அது நஞ்சு. பிள்ளைகள் உள்ள வீட்டில் இரண்டுமே வேண்டாம். மா இல்லாத நாளில் குழைந்த சோற்றை மசித்தாலும் போதும். பட்டம் ஒட்டிய எந்தப் பையனைக் கேட்டாலும் சொல்வான்.

செலோடேப் மட்டும் வேண்டவே வேண்டாம். சில வருடங்களில் அது காய்ந்து கழன்றுவிடும். அதன் மஞ்சட் கறை மட்டும் தாளில் நிரந்தரமாக நிற்கும்.

ஏட்டைக் கட்டுவது இப்படி. எட்டுத் தாளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி நடுவில் மடியுங்கள். பதினாறு ஒற்றை கிடைக்கும். பால்மாப் பெட்டி மட்டையை அளவாக வெட்டி, பிரவுண் பேப்பரோ சீத்தைத் துணியோ ஒட்டி, அதையும் நடுவில் மடித்து வெளியே உறையாக வையுங்கள். மடிப்பில் மூன்று துளை இடுங்கள். நடுவில் ஒன்று, மேலே ஒன்று, கீழே ஒன்று. துளையிடுவது பெரியவர் வேலை. தடித்த நூலை மெழுகுதிரியில் ஒருதரம் இழுத்துக்கொள்ளுங்கள், சிக்காது. ஊசியை உள்ளிருந்து நடுத்துளையால் வெளியே எடுங்கள். மேல்துளையால் உள்ளே விடுங்கள். உட்புறமாக நடுத்துளையைத் தாண்டிக் கீழ்த்துளையால் வெளியே எடுங்கள். மீண்டும் நடுத்துளையால் உள்ளே கொண்டுவாருங்கள். இப்போது நூலின் இரு முனையும் உள்ளே இருக்கும். நடுவே ஓடும் நீள நூலுக்கு இருபுறமும் அவற்றை எடுத்து இறுக்கி முடியுங்கள். அவ்வளவுதான்.

ஒட்ட ஒட்ட ஏடு வயிறு ஊதி மூடாமல் நிற்கும். அதற்கும் வழியுண்டு. ஒன்றுவிட்டு ஓர் ஒற்றையை, தையல் ஓரத்தில் ஓர் அங்குலம் மட்டும் விட்டு வெட்டி எடுத்துவிடுங்கள். அந்த அங்குலத் துண்டு ஒட்டும் பொருளின் தடிப்புக்கு இடம்கொடுக்கும். வெட்டிய தாள் அலங்காரத்துக்கு உதவும்.

படத்தையும் கடிதத்தையும் நேரே ஒட்டாதீர்கள். அரை அங்குல அகலமும் இரண்டு அங்குல நீளமுமான தாள் துண்டை எடுத்து, இரு முனையையும் நடுவில் சந்திக்குமாறு கீழே மடித்தால் முக்கோணப் பை ஒன்று வரும். அப்படி நான்கு செய்து, படத்தின் நான்கு மூலையிலும் செருகி, அந்தப் பைகளை மட்டும் பக்கத்தில் ஒட்டுங்கள். வேண்டும்போது படத்தைக் கழற்றிப் பின்புறத்தைப் பார்க்கலாம். பெயரும் ஆண்டும் அங்கேதானே எழுதியிருக்கும்? கடிதத்துக்குப் பழைய உறையையே ஒட்டிப் பையாக்கிவிடலாம்.

பிள்ளைகளுக்கு ஓர் அலங்காரம் சொல்லித் தருகிறேன். ஒரே அளவான இரண்டு சதுரத் தாளை வெட்டச் சொல்லுங்கள். ஒன்றின்மேல் மற்றதைச் சற்றுத் திருப்பி, அதன் மூலைகள் கீழ்ச் சதுரத்தின் பக்கங்களின் நடுவில் வரும்படி வைத்தால் எட்டு முனை நட்சத்திரம் கிடைக்கும். குர்ஆன் பிரதிகளின் ஓரத்தில் 'ருப்உ' அடையாளமாக அவர்கள் தினமும் காணும் வடிவம் அதுதான். வெள்ளித் தாளில் ஒன்று, பிரவுண் பேப்பரில் ஒன்று என மாற்றி மாற்றி ஒட்டினால் பக்கத்துக்கு அருமையான கரை வந்துவிடும்.

என்ன வைப்பது?

முதற் பக்கத்தில் பெயர்கள். வாப்பா வழி, உம்மா வழி இரண்டையும் தெரிந்தவரை எழுதுங்கள். பெண்களின் பெயரை "இன்னாரின் மனைவி" என்று முடிக்காமல் அவருடைய சொந்தப் பெயரால் எழுதுங்கள்.

அடுத்துப் பெரியோரின் கையெழுத்து. எமது மூத்த தலைமுறைப் பெண்களில் பலர் தமிழ் எழுத்து அறியாவிட்டாலும் அரபுத் தமிழ் அறிந்திருந்தனர். கணக்கும் மருந்துக் குறிப்பும் கடிதமும் அதிலேயே எழுதினர். அதை வாசிக்கத் தெரிந்தவர்கள் இன்று ஊருக்கு ஒரு சிலரே. உங்கள் வீட்டில் அப்படியொரு கொப்பி இருந்தால் அது பொக்கிஷம். ஒரு பக்கத்தின் பிரதியை ஒட்டி, வாசிக்கத் தெரிந்தவர் உயிரோடிருக்கும்போதே வாசிக்கச் சொல்லி, எதிர்ப்பக்கத்தில் தமிழில் எழுதுங்கள். கொப்பியே இல்லையென்றால் உம்மம்மாவிடம் ஒரு தாளைக் கொடுத்துத் தன் பெயரை எழுதச் சொல்லுங்கள். எழுதத் தெரியாவிட்டால் அவர் கையைத் தாளில் வைத்துச் சுற்றிக் கோடு வரையுங்கள். அருகில் பேரப்பிள்ளையின் கையையும் வரையுங்கள்.

ஓரத்தில் சிவப்பும் நீலமும் கோடிட்ட எயார் மெயில் உறைகள் எத்தனை வீட்டில் கட்டாகக் கிடக்கின்றன! ஸஊதியிலும் குவைத்திலும் கட்டாரிலும் உழைத்த வாப்பாமாரும், பிள்ளையைத் தாயிடம் விட்டுப்போன உம்மாமாரும் எழுதியவை அவை. பிள்ளைக்கென்று எழுதிய வரிகளை ஏட்டில் வையுங்கள். தான் மறக்கப்படவில்லை என்பதற்கு அந்தப் பிள்ளையிடமுள்ள சாட்சி அது. கணவன் மனைவிக்கிடையிலான கடிதம் அமானிதம். அது ஏட்டுக்கு வரக்கூடாது.

பின்பு கதைகள். உம்மம்மாவிடம் "கதை சொல்லுங்க" என்றால் "என்னத்தச் சொல்ற மகள்" என்பார். குறிப்பாகக் கேட்கவேண்டும். உங்கள் கல்யாணத்துக்கு என்ன சமைத்தார்கள்? ஓதக் கற்பித்தவர் யார்? முதன்முதலில் எந்த ஊருக்குப் பயணம் போனீர்கள்? ஆண்டு நினைவில்லை என்றால் ஊரே அறிந்த சம்பவத்தை வைத்துக் கேளுங்கள். "1978 நவம்பர் சூறாவளிக்கு முன்னமா பின்னமா? அப்ப மூத்தவர் பிறந்திட்டாரா?" என்றால் ஆண்டு தானே வெளிவரும். பிள்ளை கேட்கட்டும், பிள்ளையே எழுதட்டும். அவர் சொன்ன சொல்லிலேயே எழுதட்டும், பாடப்புத்தகத் தமிழுக்கு மாற்றவேண்டாம்.

புகைப்படம் பற்றி உலமாக்களிடையே கருத்து வேறுபாடு இருப்பதை அறிவீர்கள். அதை இங்கு விவாதிக்கப் போவதில்லை. படமே வைக்காத வீட்டாருக்கும் மேலே சொன்னவற்றால் ஏடு நிறையும். வைப்போர், வீட்டுப் பெண்களின் படமுள்ள ஏட்டைப் பாடசாலைக் கண்காட்சிக்கு அனுப்பாதீர்கள்.

இரண்டு பொருட்களை உடனே பிரதி எடுங்கள். கடைப் பற்றுச்சீட்டுப் போலச் சூட்டில் அச்சாகும் தாள்கள் சில ஆண்டுகளில் வெளுத்துவிடும். வயிற்றிலிருந்த பிள்ளையின் ஸ்கேன் படமும் பெரும்பாலும் அந்த வகைதான். அதை லெமினேட் செய்தால் சூட்டில் முழுவதும் கறுத்துப்போகும். பிரதியெடுத்தால் பிழைக்கும்.

வளைந்த வெட்டு வளைந்தே இருக்கட்டும்

பாடசாலை ஒப்படை என்றால் இரவு பன்னிரண்டு மணிக்கு உம்மாவே வெட்டி ஒட்டி முடிப்பதும், காலையில் பிள்ளை தூக்கிக்கொண்டு வருவதும் ஆசிரியர்களாகிய நாம் அறிந்ததே. மினுமினுப்பும் பூவும் கடையில் வாங்கியவை, வேலை உம்மாவுடையது, புள்ளி பிள்ளைக்கு. குடும்ப ஏட்டில் அப்படிச் செய்யாதீர்கள். இங்கே புள்ளியும் இல்லை, பரிசும் இல்லை. ஆறு வயதில் வெட்டிய கோணல் நட்சத்திரம் ஆறு வயதின் அடையாளம். நீங்கள் அதைத் திருத்திவிட்டால் அந்த வயது ஏட்டில் இல்லாமற் போய்விடும். கீழே பென்சிலால் பெயரும் திகதியும் மட்டும் எழுதிவிடுங்கள்.

ஏட்டை வெளிச்சுவரில் சாயும் அலுமாரியில் வைக்காதீர்கள், ஈரம் இறங்கும். நிலத்தோடும் வைக்காதீர்கள். மாதமொருமுறை எடுத்துத் தட்டிப் பாருங்கள். மாப்பசையைத் தேடி வெள்ளிப்பூச்சி வரும். திறந்து பார்க்கும் ஏட்டில் அது குடியிருக்காது. எல்லாப் பக்கத்தையும் கையடக்கத் தொலைபேசியில் படமெடுத்தும், பிரதியெடுத்தும், வேறு ஊரிலுள்ள சாச்சி வீட்டிலோ மாமி வீட்டிலோ ஒன்றை வைத்துவிடுங்கள். வெள்ளமும் நெருப்பும் இரண்டு ஊருக்கு ஒரே நாளில் வருவது அரிது.

இந்த நோன்பில் ஏட்டை முடிக்கவேண்டும் என்றில்லை. அஸருக்கும் இப்தாருக்கும் இடையில் குசினி வேலை உங்களை இழுக்கும் என்பதும் தெரியும். லுஹருக்குப் பின் அரை மணி நேரம், வாரத்துக்கு ஒரு பக்கம். அப்படிப் பார்த்தால் பெருநாளைக்கு நான்கு பக்கம். முதலாவது பக்கத்தில் அந்த மூன்று பெயர்கள்: உம்மா, உம்மம்மா, அவருடைய உம்மா. மூன்றாவது பெயர் தெரியாவிட்டால் இன்றே கேளுங்கள். அதை அறிந்தவர் அடுத்த நோன்புக்கு இருப்பாரோ என்பதை அல்லாஹ்வே அறிவான்.

பெருநாள் அன்று வீட்டுக்கு வரும் சொந்தங்களிடம் வட்டிலப்பத்தோடு அந்த ஏட்டையும் கொடுங்கள். "இது அப்படியில்ல, நான் சொல்றன் கேளு" என்று யாராவது ஒருவர் நிச்சயம் திருத்துவார். உடனே பிள்ளையின் கையில் பென்சிலைக் கொடுத்துவிடுங்கள்.

எமது முன்சென்றோருக்கு அல்லாஹ் மஃபிரத் செய்வானாக! எமது பிள்ளைகளை அவர்களை மறவாது துஆச் செய்யும் ஸாலிஹான பிள்ளைகளாக ஆக்குவானாக! ஆமீன்.

வஸ்ஸலாம்.